வல்வெத்: பாதி விழுந்த ஒரு பெயர்

காசு சிறியது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எடை 4.7 கிராம், நம் வீட்டுக் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மேலே. ஒரு பக்கம் வாய் பிளந்த சிங்கத் தலை. பல் தெரிகிறது, பிடரி சின்னச் சின்னக் கோடாகத் தெரிகிறது. மூக்குக்கு மேலே நெற்றியில் ஒரு முண்டு, அதிலிருந்து கதிர் மாதிரிக் கோடுகள். மறுபக்கம் படம் எதுவும் இல்லை. உளியால் ஓங்கிக் குத்திய இரண்டு சதுரக் குழிகள் மட்டும். சிங்கத்தின் வாய்க்கு எதிரே, காசின் விளிம்பு முடிகிற இடத்தில், எழுத்துகள் மேலிருந்து கீழாக நிற்கின்றன. சில காசுகளில் மூன்று தெரியும், சிலவற்றில் நான்கு. மற்றவை காசுக்கு வெளியே போய்விட்டன.

பல காசுகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, இதில் இல்லாததை அதில் பார்த்து அறிஞர்கள் கூட்டிப் படித்த சொல்தான் வல்வெத். லிடிய எழுத்தில் ஆறு எழுத்து. உலகத்தின் மிகப் பழைய காசுகளில், மொழியாகப் படிக்க முடிகிற மிகப் பழைய சொற்களில் ஒன்று இது. அதன் பொருள் என்ன என்பதை நூறாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு வருடமாக நானும் அதை விட முடியாமல் இருக்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் வந்ததற்குக் காரணம் என் அப்பாவின் தொழில். அப்பா பொற்கொல்லர். கோவையில் ஒரு சந்துக்குள் எங்கள் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சாமணம் எடுத்துக் கொடுப்பது, உமி ஓட்டில் கரி தள்ளுவது, பழைய நகை வந்தால் லென்ஸ் வைத்து உள்பக்கம் இருக்கும் முத்திரையைப் படித்துச் சொல்வது என்று வளர்ந்தேன். அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே கிட்டப் பார்வை போய்விட்டது. படிப்பது என் வேலை.

ஒரு நாள் ஓர் அம்மா மோதிரம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். உள்பக்கம் பெயர் வெட்டியிருந்தது. முக்கால்வாசி தேய்ந்து, கடைசியில் ஒரு "லா" மட்டும். அதற்கு முன்னால் ஏதோ ஒரு வளைவு. நான் சட்டென்று "கமலா" என்றேன். என் அத்தை பெயர் கமலா. அந்த அம்மா சிரித்துவிட்டு, "இல்ல கண்ணு, இது எங்க மாமியாரோடது. அவங்க பேரு சகுந்தலா" என்றார். அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "அம்மிணி, உனக்குத் தெரிஞ்சது 'லா' மட்டும். அதைச் சொல்லிட்டு நிறுத்திக்கோணும். மத்தது உங்க அத்தை மேல இருக்கிற பாசம்." லிடிய எழுத்துகளைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்த மோதிரம் நினைவுக்கு வருகிறது.

சரி, லிடியா. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. தலைநகர் சார்டிஸ், தமிழ் பைபிள் படித்தவர்களுக்குச் சர்தை என்றால் தெரியும். தென்மேற்கே கடற்கரையில் எபேசு. சார்டிஸ் வழியாக ஓடிய பக்தோலஸ் என்ற சிற்றாறு தங்கத் துகளைக் கொண்டுவந்தது. கிரேக்கர்கள் உரைகல்லுக்கு வைத்த பெயரே "லிடியக் கல்" என்பதுதான். அந்தக் கல் தமோலஸ் ஆற்றில் கிடைக்கிறது என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார். தமோலஸ் என்பது சார்டிஸ் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையின் பெயரும்கூட. எங்கள் பட்டறையில் இருக்கிற கருப்புக் கல்லை எடுத்து அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நாட்டுக்காரர்கள் பேசிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் அனத்தோலியக் கிளையைச் சேர்ந்தது. ஹிட்டைட், லூவியம், லிசியம் எல்லாம் அதற்குப் பங்காளிகள். எழுத்து 26. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். நமக்குக் கிடைத்திருப்பது நூற்றுச் சொச்சம் கல்வெட்டுகளும் பொறிப்புகளும்தான். அவற்றிலும் பெரும்பான்மை சார்டிஸ் ஒரே ஊரிலிருந்து. பெரும்பாலானவை கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. காசுகளோ அவற்றுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தவை.

இந்த மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத கதை அன்றைக்கே தொடங்கிவிட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் லிடிய அரசன் கைகெஸ், அசீரியப் பேரரசன் அசுர்பனிபாலுக்குத் தூது அனுப்பினான். அசீரியக் குறிப்புகளில் கைகெஸின் பெயர் "கூகு". தூதுவன் நினிவே வரை போய்ச் சேர்ந்துவிட்டான், ஆனால் அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சூரியன் உதிக்கும் திசையிலிருந்து மறையும் திசை வரை உள்ள எத்தனையோ மொழிக்காரர்கள் இருந்த தலைநகரில், இவன் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று அசுர்பனிபால் தன் களிமண் பட்டகத்தில் பதிந்து வைத்திருக்கிறான். அவ்வளவு தூரம் குதிரையில் வந்தவன் அரசவையில் நின்று ஏதோ சொல்கிறான், எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த ஆள் எந்தச் சொல்லில் தொடங்கியிருப்பான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பிறகு கிரேக்கம் வந்து லிடியத்தை மூடிவிட்டது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, லிடியாவிலேயே லிடிய மொழியின் சுவடு இல்லை, கிபிரா என்ற வேறொரு ஊரில் மட்டும் பேசுகிறார்கள் என்கிறார்.

மறுபடியும் அதன் வாய் திறந்தது 1912இல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கிராஸ்பி பட்லர் தலைமையில் சார்டிஸில் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. மேலே லிடியம், கீழே அரமேயம். அரமேயம் படிக்கத் தெரிந்த மொழி. 1916இல் என்னோ லிட்மன் அதை வெளியிட்டார். மனேஸ் என்பவனின் கல்லறை அது. அவன் அப்பா பெயர் கும்லிஸ், ஊரின் அல்லது குலத்தின் பெயர் சிலுகா. இதற்குக் கேடு செய்பவனின் முற்றத்தையும் வீட்டையும், மண்ணையும் தண்ணீரையும், அவனுக்குள்ள எல்லாவற்றையும் எபேசின் ஆர்ட்டெமிஸ் தேவியும் கொலோவேயின் ஆர்ட்டெமிஸ் தேவியும் அழித்துவிடுவார்கள் என்று ஒரு சாபம். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் "இது அழித்தான் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்" என்று படித்து வளர்ந்த நமக்கு, இந்த மாதிரிச் சாபத்தின் தொனி புதிதல்ல.

அந்தக் கல்லில் எனக்குப் பிடித்த இடம் சாபம் அல்ல. அதற்கு முன் வரும் மூன்று சொற்கள்: மனெலித், கும்லிலித், சிலுகலித். இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மனேஸ் என்ற பெயரிலிருந்து "மனெ". அதன்மேல் "லி". அதன்மேல் "த்". "கும்லி" என்ற பெயர் மேல் இன்னொரு "லி", மறுபடி "த்". கீழே இருக்கும் அரமேயம் "கும்லியின் மகன் மனேயின் குகை" என்கிறது. ஆக "லி" என்பது நம் "உடைய" செய்கிற வேலையைச் செய்கிறது. "த்" என்பது அஃறிணை ஒருமை. மனெலித் என்றால் "மனேயுடையது". தமிழில் "உடைய" என்பதோடு "அது" சேர்ந்து "உடையது" ஆகிறதே, கிட்டத்தட்ட அதே கட்டுமானம். இதனால் இரண்டு மொழிக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எனக்குப் புரிந்துகொள்ள அது வசதியாக இருந்தது, அவ்வளவே.

இப்போது ஒரு முத்திரைக் கல்லுக்கு வருவோம். பாரசீகர் காலத்து லிடிய முத்திரைகளில் ஒன்றில் "மனெலிம்" என்று இருக்கிறது. "த்" போய் "ம்" வந்திருக்கிறது. இந்த "ம்" தன்மை ஒருமை: "மனேயுடையது நான்." முத்திரைக் கல் தானே வாய் திறந்து, தான் யாருடைய பொருள் என்று சொல்கிறது. ஒரே ஓர் ஒற்றெழுத்து மாறியதும் பேசுகிறவர் மாறிவிட்டார். சொல்லின் தலையைவிட வால்தான் நம்பகமானது என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான். தலையில் இருப்பது பெயர். பெயர் எதுவாகவும் இருக்கலாம். வால் இலக்கணம். அது மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு காசுகளுக்குத் திரும்பலாம். வல்வெத் காசுகளோடு சேர்த்தே பேசப்படும் இன்னொரு வகை உண்டு. அதே உலோகம், அதே சிங்கம், எழுத்து வேறு. ராபர்ட் வாலஸ் என்ற வரலாற்றறிஞர் 1988இல் இவற்றைப் பற்றி எழுதியபோது அந்த இரண்டாவது சொல்லுக்கு முதல் எழுத்தும் தெரியவில்லை, கடைசி எழுத்தும் தெரியவில்லை. முன்னால் ஒரு புள்ளி, நடுவில் "கலி", பின்னால் ஒரு புள்ளி என்றுதான் தலைப்பிலேயே போட்டார். வல்வெத்துக்கும் அப்படித்தான்: "வல்வெ", அப்புறம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. "லா" மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரிந்தவர். 2006இல் அவரே மறுபடி எழுதியபோது புள்ளிகள் நிரம்பிவிட்டன: குகலிம்.

குக, லி, ம். மனெலிம் போலவே. "குகனுடையது நான்."

நான் இதைத் தமிழில் எழுதியதும் உங்களுக்கு உடனே கங்கைக் கரையில் ஓடத்தோடு நிற்கும் குகன் நினைவுக்கு வந்திருப்பான். எனக்கும் வந்தான். அந்த நினைப்பை அப்படியே ஓரமாக வைத்துவிட வேண்டும். ஓசை ஒத்திருக்கிறது என்பதை வைத்து ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியில் கட்டிப்போடுவது, என் அத்தையின் பெயரைச் சகுந்தலாவின் மோதிரத்தில் படித்த மாதிரிதான். லிடியக் குகனை அவன் பங்காளி மொழிகளில்தான் தேட வேண்டும். அங்கே ஹிட்டைட்டில் "ஹுஹ்ஹ" என்றால் தாத்தா. லிசியத்தில் "குக" என்று தோராயமாக ஒலிக்கும் சொல்லும் தாத்தா. கிரேக்கர் கைகெஸ் என்றும் அசீரியர் கூகு என்றும் எழுதிய பெயரை இந்தச் சொற்களோடு பலர் இணைக்கிறார்கள். பேரன் என்ற நம் சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். என் அண்ணனுக்கும் எங்கள் தாத்தா பெயர்தான். குழந்தைக்குத் "தாத்தா" என்றே பெயர் வைக்கிற வழக்கம் எனக்கு அதனாலேயே விசித்திரமாகப் படவில்லை.

ஆனால் குகலிம் காசைக் கைகெஸ் அரசன் அடித்தானா? இங்கேதான் காசின் மறுபக்கம் பேச வருகிறது. குகலிம் காசுகளுக்கும் வல்வெத் காசுகளுக்கும் பின்பக்கக் குழிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஒரே உளிகள் இரண்டு வகையிலும் பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உளியின் முனையில் ஒரு சிராய்ப்பு இருந்தால் அது குத்திய ஒவ்வொரு குழியிலும் அதே சிராய்ப்பு விழும். கைரேகை மாதிரி. இதை அப்பாவிடம் விளக்க வேண்டியே இருக்கவில்லை. "உளி ஒண்ணுன்னா பட்டறை ஒண்ணு. ஒரே உளி எத்தனை வருசம் தாங்கும்? தங்கம் மெத்துனுதான் இருக்கும், ஆனா கீழ இருக்கிற பட்டடை மெத்துனு இருக்காதே" என்றார். அதுதான் விஷயம். இரண்டு பெயரும் ஒரே பட்டறையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் அடிக்கப்பட்டவை. கைகெஸ் இறந்தது கி.மு. 644 வாக்கில், கிம்மேரியர் என்ற நாடோடிகளின் படையெடுப்பில். காசுகளோ அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியவை என்பதுதான் இன்றைய பொதுவான கருத்து. அப்படியானால் குகலிம் என்பதில் வரும் குகன் கைகெஸாக இருந்தாலும், காசு அவன் கையால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. "கைகெஸ் வழியைச் சேர்ந்தவன் நான்" என்று அவன் வம்சத்தான் ஒருவன் சொல்வதாக இருக்கலாம். அல்லது தாத்தா பெயரைச் சுமந்த இன்னொரு குகனாகவும் இருக்கலாம்.

இப்போது வல்வெத். இங்கே முதல் சிக்கலே கடைசி எழுத்து. லிடிய எழுத்தில் "ல்" என்பது நிமிர்ந்த கோடு, தலையில் ஒரு பக்கம் மட்டும் ஒரு கொக்கி. "த்" என்பதும் நிமிர்ந்த கோடுதான், தலையில் இரண்டு பக்கமும் ஒரு குறுக்குக் கோடு. (மனெலித்தின் கடைசியில் வந்த "த்" வேறு எழுத்து; தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) எழுத்தின் உயரமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். குறுக்குக் கோட்டின் ஒரு பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டால் "த்" அப்படியே "ல்" ஆகிவிடும். நீண்ட காலம் இதை "வல்வெல்" என்றும் படித்தார்கள். "ல்" என்றால் அது "லி"யின் குறுக்கமாக, "வல்வெயினுடைய" என்று பொருள் தரும். "த்" என்றால் பெயரின் உடம்பிலேயே அந்த எழுத்து இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தங்கத்தில் ஓர் உடைமைப் பெயர் ஆள்பெயராக மாறிவிடுகிறது. இன்று பெரும்பாலோர் "த்" என்றே படிக்கிறார்கள்.

பங்காளி மொழியான லூவியத்தில் "வல்வ" என்றால் சிங்கம். காசில் இருப்பதும் சிங்கம்! இதைப் படித்த அன்று நான் பட்டறைக்கே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். படமும் சொல்லும் ஒன்று. பள்ளிக்கூடத்து அட்டையில் யானை படம் போட்டு "யானை" என்று எழுதியிருப்பது மாதிரி. சந்தோஷமான விடை. ஆனால் ஒரு வாரம் கழித்து அது எனக்குள்ளேயே தளர்ந்தது. குகலிம் காசிலும் அதே சிங்கம்தானே? எழுத்தே இல்லாத காசுகளிலும் அதே சிங்கம்தானே? படத்துக்குப் பெயர் எழுதுவதாக இருந்தால் இரண்டு வகையிலும் ஒரே சொல்லைத்தானே எழுதியிருப்பார்கள்? பக்கத்தில் இருக்கும் "குகலிம்" ஒருவனுடைய பெயரைச் சொல்கிறது. அப்படியானால் அதே இடத்தில் நிற்கும் வல்வெத்தும் ஒரு பெயர் என்பதுதான் நேர்மையான முதல் அனுமானம். சிங்கம் அந்தப் பெயருக்குள் இருக்கலாம்; நம்மில் சிங்காரவேலுவும் நரசிம்மனும் இல்லையா?

யாருடைய பெயர்? இதற்குத்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஒரு விடை மேசைமேல் இருக்கிறது: அலியாட்டஸ். கைகெஸின் கொள்ளுப்பேரன், லிடியாவின் கடைசி அரசன் குரோசஸின் தந்தை. பின்தேபே என்ற மேட்டு வெளியில் அவன் சமாதிமேடு இன்றும் நிற்கிறது; 60 மீட்டருக்கு மேல் உயரம், எகிப்தையும் பாபிலோனையும் விட்டால் இதுதான் மிகப் பெரியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது இதைத்தான். அயோனியக் கிரேக்கர் பேச்சில் "வ" ஒலி மறைந்துபோனது. வல்வெத் என்ற பெயரின் முதல் "வ" அவர்கள் வாயில் நிற்காது. நடுவில் உள்ள "வ" உகரம் போல ஒலித்து அலியாட்டஸின் நடுவில் உட்கார்ந்துவிடும். "வெ" எப்படி "யா" ஆனது என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. அலெக்சாண்டர் டேல் என்ற ஆய்வாளர் 2015இல் இந்த அடையாளத்தை வலுவாக ஆதரித்து எழுதினார். காசுகளின் காலத்தோடு பொருந்த அலியாட்டஸின் ஆட்சித் தொடக்கத்தையே வழக்கமான கி.மு. 610ஐ விட முன்னால் நகர்த்த வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு இந்த விடை பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதுதான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் லிடிய ஆய்விலேயே "கமலா" என்று படித்த கதை ஒன்று இருக்கிறது. 1960களில் அமெரிக்கக் குழுவினர், ஜார்ஜ் ஹான்ஃப்மன் தலைமையில், பின்தேபேயில் கர்னியாரிக் தேபே என்ற பெரிய மேட்டுக்குள் சுரங்கம் வெட்டிப் போனார்கள். உள்ளே மண்ணில் புதைந்து ஓர் அழகான கல் சுவர். கற்களின்மேல் ஒரு குறி திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருந்தது. அதை இரண்டு எழுத்துகள் இரட்டித்த கூட்டெழுத்தாகப் பார்த்து "குகு" என்று படித்தார்கள். கூகு! கைகெஸின் சமாதி கிடைத்துவிட்டது! மலைக்குள் மாதக்கணக்கில் சுரங்கம் வெட்டி, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் குறியைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1994இல் கிறிஸ்டோபர் ராட்டே அந்தச் சுவரின் கல் வேலையை நிதானமாக ஆராய்ந்து, அது கைகெஸுக்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது என்று காட்டினார். கல் தச்சனின் உளித் தடம், கற்களைப் பொருத்திய விதம், ஓரத்தைச் சீவிய முறை, இவை எழுத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னன. அந்தக் குறியைக் கொத்தனார் அடையாளமாகத்தான் இன்று பார்க்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு எச்சரிக்கை, இது கிரேக்கப் பக்கத்திலிருந்து. அதே காலத்து, அதே எலெக்ட்ரம் (தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம்) காசு ஒன்றில் மேயும் மான். மேலே கிரேக்கத்தில் "பானெஸின் அடையாளம் நான்" என்று எழுதியிருக்கிறது. குகலிம் போலவே காசு தன்மையில் பேசுகிறது. இந்தப் பானெஸ் யார்? அப்படி ஓர் அரசனை எந்த வரலாறும் சொல்லவில்லை. பணக்கார வணிகனாக இருக்கலாம், அதிகாரியாக இருக்கலாம். ஆக, காசில் பெயர் இருந்தால் அது அரசன் பெயர்தான் என்று அந்தக் காலத்துக்குச் சொல்ல முடியாது. இந்த ஒரு மானால் முழு விவாதமும் திறந்துவிடுகிறது. வல்வெத் அரசன் என்றால் காசு என்ற பொருள் அரண்மனையில் பிறந்தது. வல்வெத் ஒரு வணிகனோ பட்டறைத் தலைவனோ என்றால், "இந்தத் துண்டுக்கு நான் பொறுப்பு" என்று தனி ஒருவன் கொடுத்த வாக்கிலிருந்து காசு பிறந்தது. ஆறு எழுத்தின் பின்னால் இவ்வளவு பெரிய கேள்வி நிற்கிறது. அதனால்தான் வெறும் சொல் விளையாட்டு என்று இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, ஓர் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் வல்வெத் காசின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். கூடவே எபேசு பற்றியும் சொன்னேன். 1904, 1905இல் டி. ஜி. ஹோகார்த், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஆர்ட்டெமிஸ் கோயிலின் அடித்தளத்தைத் தோண்டியபோது இந்த மாதிரிப் பழைய எலெக்ட்ரம் காசுகள் 90க்கும் மேல் கிடைத்தன. கோயில் அடியில் காணிக்கையாகப் போட்டவை, தொலைந்தவை எல்லாம் கலந்து. முழுக் காசில் (நம் சிங்கக் காசு அதில் மூன்றில் ஒரு பங்குதான்) 96இல் ஒரு பங்கு என்று ஒரு நுணுக்கக் காசும் அந்தக் காலத்தில் இருந்தது, 0.15 கிராம். அப்பா கை நீட்டி டப்பாவிலிருந்து ஒரு குன்றிமணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கிட்டத்தட்ட அந்த எடைதான். அதன்மேல் அச்சுக் குத்த வேண்டுமென்றால் எப்படிப் பிடிப்பது என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சாமணத்தால் பிடித்தால் அடி விழும்போது தெறித்துவிடும் என்றார்.

பிறகு படத்துக்கு வந்தார். எழுத்தை அவர் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தார். "இதுல எத்தனை பங்கு தங்கம்?"

பக்தோலஸில் இயற்கையாகக் கிடைத்த எலெக்ட்ரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தங்கம் இருக்கும், ஆனால் இந்தச் சிங்கக் காசுகளில் பாதிக்குச் சற்று மேலே, சுமார் 54 சதவீதம்தான் என்று சொன்னேன்.

"அப்ப வெள்ளி சேத்திருக்கான். இவ்வளவு வெள்ளி போட்டா வெளுத்துப் போயிரும் அம்மிணி. செம்பும் போட்டிருக்கோணும்."

போட்டிருக்கிறார்கள். பகுத்துப் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு சதவீதம் செம்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வெளிறிய நிறத்தைத் திரும்பப் பொன்னிறமாக்க அது உதவியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வுக்கூடத்தில் சொன்னதை அப்பா ஓர் அச்செடுத்த தாளைப் பார்த்தே சொல்லிவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் அதோடு விடவில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் மாற்றுக் குறைச்சு ஒரு நகை செஞ்சா அதுல எம் பேரைப் போடுவனா? போட மாட்டேன். இவன் வெள்ளியும் கலந்து, செம்பும் கலந்து, மேல பேரையும் போட்டிருக்கான். அப்படீன்னா அவங்கிட்டப் போயி யாரும் கேக்க முடியாத எடத்துல இருந்திருக்கான்."

அரசன் என்கிறார். நான் பானெஸைப் பற்றிச் சொன்னேன், மான் படத்தையும் காட்டினேன். அரசன் இல்லாத ஒருவனும் பெயர் போட்டிருக்கிறான் பாருங்கப்பா என்றேன். அவர் மானை ரசித்தார், கொம்பு வேலை நன்றாக இருக்கிறது என்றார், தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் வாதாடவில்லை. என் குறிப்பேட்டில் வல்வெத்துக்கு எதிரே "ஆள் பெயர்" என்று பேனாவிலும், "அலியாட்டஸ்" என்று பென்சிலிலும் எழுதியிருக்கிறேன். அன்று இரவு அதற்குப் பக்கத்தில் அப்பா சொன்னதையும் எழுதிவைத்தேன், பென்சிலில்.

கிளம்பும்போது தாளைக் கேட்டேன். "இருக்கட்டும் அம்மிணி, அந்தக் கடைசி எழுத்தை நான் ஒருக்கா வெயில்ல வச்சுப் பாக்கோணும்" என்றார். உரைகல்லைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, ஊதுகுழலை எடுத்தார்.